மூன்று வருடம் பழகிய பட்டன் காம்பொனென்ட்: அந்தச் சாம்பல் நிற லிங்க்தான் உறுத்துகிறது

நாங்கள் பயன்படுத்தும் காம்பொனென்ட் லைப்ரரியை (வெப் பக்கங்களுக்கான பட்டன் போன்ற ரெடிமேட் துண்டுகளின் தொகுப்பு) புது ப்ராஜெக்டுக்கு எடுக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். மூன்று வருடமாக தினமும் கையாள்வதால் "எடுங்கள்" என்றுதான் முதலில் வாயில் வந்தது. ஆனால் முந்தின நாள்தான் அதன் பட்டனோடு அரை நாள் மல்லுக்கட்டியிருந்தேன்.

தீம், ஐகான், லோடிங் நிலை எதிலும் குறையில்லை. என் கோபம் ஒரே இடத்தில்தான். பட்டன் காம்பொனென்ட்டுக்கு ஹெச்ரெஃப், அதாவது போக வேண்டிய முகவரி, கொடுத்தால் அது உள்ளே ஆங்கர் டேகாக, அதாவது லிங்காக, மாறிவிடும். அதற்கு டிஸேபிள்ட் (முடக்கு என்ற குறிப்பு) கொடுத்தால் சாம்பல் நிறமாகும், மவுஸுக்கு அசையாது. பார்க்க எல்லாம் சரி. ஆனால் ஹெச்டிஎம்எல்லில் டிஸேபிள்ட் என்பது பட்டன், இன்புட், செலக்ட் போன்றவற்றுக்குத்தான் உண்டு, ஆங்கருக்குக் கிடையாது. அதனால் லைப்ரரி செய்வதெல்லாம் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் பாயிண்டர்-ஈவென்ட்ஸை அணைப்பது மட்டும்தான். அது மவுஸையும் விரலையும் தடுக்கும். டேப் விசையில் நகர்ந்து வந்து என்டர் தட்டினால் லிங்க் திறந்துகொள்ளும்.

எங்களுக்கு இது தெரியவந்த விதம் நல்லதல்ல. திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் ஸ்க்ரீன் ரீடரும் கீபோர்டுமாக வேலை பார்க்கும் ஒருவர், இப்படி முடக்கி வைத்திருந்த லிங்க் வழியே ஒப்புதல் வராத பில்லை இறக்கி வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. ஸ்க்ரீன் ரீடர் அவருக்கு வெறும் "லிங்க்" என்றுதான் படித்திருக்கிறது. சர்வரில் தடுப்பு வைக்காதது எங்கள் பிழை, அன்றே வைத்தோம். திரையில் இருந்த பொய்யை யார் திருத்துவது?

நான்தான் திருத்தினேன். டிஸேபிள் ஆகும்போது ஹெச்ரெஃபையே எடுத்துவிட்டு, ரோலை (இது என்ன வகை என்ற குறிப்பு) லிங்க் என்றும் ஏரியா-டிஸேபிள்ட்டை ட்ரூ என்றும் வைக்கும் ஒரு ரேப்பர், அதாவது அந்தக் காம்பொனென்ட்டைச் சுற்றிய ஒரு மேலுறை, எழுதினேன். ஏரியா-டிஸேபிள்ட்டை மட்டும் போட்டு விட்டுவிடாதீர்கள். அது ஸ்க்ரீன் ரீடருக்குச் செய்தி சொல்லும், எதையும் தடுக்காது.

அதே லைப்ரரி நிஜ பட்டனில் காட்டியிருக்கும் அக்கறையையும் சொல்லியாக வேண்டும். பிரவுசரில் சாதாரணமாக டிஸேபிள் ஆன பட்டனுக்கு ஃபோகஸ் (கீபோர்டு இப்போது நிற்கும் இடம்) வராது. அதனால் ஏன் முடக்கினோம் என்று டூல்டிப்பில் (பட்டன்மேல் போனால் தெரியும் சிறு குறிப்பு) எழுதினாலும் கீபோர்டில் வருபவர் அதைப் பார்க்கவே முடியாது. 'சேமி' தட்டியதும் பட்டன் முடங்கினால் இருந்த ஃபோகஸும் தொலைந்துபோகும். சமீபத்திய வெர்ஷனில், முடங்கிய பட்டனிலும் ஃபோகஸை விட்டுவைக்கும் ஒரு ஆப்ஷன் வந்திருக்கிறது. உள்ளே ஏரியா-டிஸேபிள்ட் போட்டு, க்ளிக்கை அவர்களே விழுங்கிவிடுகிறார்கள். டெக்ஸ்ட் பாக்ஸில் என்டர் தட்டினாலும் பிரவுசர் அந்த சப்மிட் பட்டனைத்தான் க்ளிக் செய்யும் என்பதால், ஃபார்மும் தப்பிப் போவதில்லை. முதல் நாள் சோதித்தபோது உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். 'சேமி' தட்டி, அது முடிந்த பிறகும் ஃபோகஸ் அதே பட்டனில் நின்றது. அப்புறம் எங்கள் ஃபார்ம் எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிட்டேன்.

அந்தச் சாம்பல் நிறம் மட்டும் இன்னும் மிக வெளிறல். வெப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்த வழிகாட்டும் டபிள்யூசிஏஜியில், எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 நிற வேறுபாடு வேண்டும் என்ற விதியில் செயல்படாத பட்டன்களுக்கு விலக்கு உண்டுதான். ஆனால் முடங்கிய பட்டனில் என்ன எழுதியிருக்கிறது என்றும் மனிதர் படிக்க வேண்டுமே!

லிங்க் விஷயத்தை லைப்ரரி செய்பவர்களுக்குப் புகாராக எழுதினேன். "லிங்கை டிஸேபிள் செய்யாதீர்கள், காட்டாமல் விடுங்கள்" என்று பதில் வந்தது. ஆலோசனை சரிதான், பல இடங்களில் நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் செய்யக் கூடாதென்றால் லைப்ரரி ஹெச்ரெஃபோடு டிஸேபிள்ட்டை ஏன் வாங்கிக்கொள்ள வேண்டும்? டெவலப்பர் பார்க்கும் கன்சோலில் ஒரு எச்சரிக்கை கூட இல்லை. பட்டனுக்கு இவ்வளவு யோசித்தவர்கள் லிங்கைக் கைவிட்டதுதான் எனக்கு ஆறவில்லை.

நண்பரிடம் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். எங்கள் ப்ராஜெக்டில் அந்த லைப்ரரிதான் தொடர்கிறது. புது வெர்ஷன் வந்தால் மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு முதலில் அந்த பில் லிங்கைத்தான் தட்டிப் பார்ப்பேன்.