போல்டரில் ஒன்பது வருடம்: மலை சரி, விளக்குதான் சரியில்லை

போல்டரில் வேலை கிடைத்திருக்கிறது, ஊர் எப்படி என்று கல்லூரி நண்பன் கேட்டான். கொலராடோ, குளிர், பனி எல்லாம் அவனுக்கே தெரியும். தெரியாததை மட்டும் சொல்கிறேன்.

வீட்டிலிருந்து பதினைந்து நிமிடம் நடந்தால் புல்வெளி. மாடு மேயும். ப்ரெய்ரி நாய்கள் (பெயரில்தான் நாய், சாதியில் அணில்) வளை வாசலில் நிமிர்ந்து நின்று கத்தும். அதற்குப் பின்னால் மலை. அதன்மேல் வீடுகள் ஏறவில்லை. காரணம் ரொம்ப எளிது. 1959இல் இந்த ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டு, கடல்மட்டத்திலிருந்து 5,750 அடி உயரத்துக்கு மேல் நகராட்சித் தண்ணீர் கிடையாது என்று கோடு கிழித்தார்கள். குழாய் வராத இடத்தில் யார் மனை போடுவார்? 1967இல், கட்டடம் வராமல் வெட்டவெளியாகவே வைத்திருக்க நிலம் வாங்கவென்றே தங்கள் தலையில் தாங்களே விற்பனை வரி போட்டுக்கொண்டார்கள், 100 டாலருக்கு 40 சென்ட். அமெரிக்காவில் இப்படிச் செய்த முதல் நகரம் இதுதான். இப்படிக் காக்கும் நிலம் இன்று 45,000 ஏக்கருக்கு மேல் இருக்கிறது. பனி உருகும் நாட்களில் ஷூவுக்கடியில் ஒரு கிலோ களிமண்ணோடு திரும்பினாலும் எனக்குப் புகார் இல்லை.

புகார் வேறு. நான் மாலையில் உட்கார்ந்து படிக்கும் பசுமைக் கட்டடம் ஒன்று உண்டு, பெயர் வேண்டாம். வாசலில், சுற்றுச்சூழலுக்கு உகந்த கட்டடங்களுக்குத் தரும் லீட் சான்றிதழ்த் தகடு. பகலில் விளக்கே தேவையில்லாத ஜன்னல்கள், அருமை. இருட்டியதும் சென்சார் ஆட்சி. அசையாமல் படித்தால் ஆள் இல்லை என்று நினைத்து விளக்கை அணைத்துவிடும். பஸ்ஸை நிறுத்துவதுபோல் கையை ஆட்ட வேண்டும். நேற்று ஒரே அத்தியாயத்துக்கு நான்கு முறை. பக்கத்து மேசைப் பாட்டி தலை நிமிராமல் பென்சிலை மட்டும் தூக்கி ஆட்டுகிறார், பழகிவிட்டது. கழிப்பறையில் அணைந்த கதையை எழுத மாட்டேன். மின்சாரம் மிச்சம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு மனிதன் சும்மா உட்காரக் கூடாதா?

அப்புறம் விலை. சுற்றிலும் நிலத்தைப் பூட்டியாயிற்று. 1971 முதல் கட்டடம் 55 அடிக்கு மேல் உயரவும் கூடாது. பக்கவாட்டிலும் இடமில்லை, மேலேயும் இடமில்லை. தனி வீடு பத்து லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. நிறையப் பேர் வெளியூரிலிருந்துதான் தினமும் வேலைக்கு வருகிறார்கள். ஆகவே நண்பனிடம் சொல்லிவிட்டேன்: இங்கே வீடு தேடாதே, பக்கத்து ஊர் லாங்மான்ட் பக்கம் பார்.

எனக்கு அடுத்த மாதம் வாடகை ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்கத்தான் போகிறேன்.