வரிசையா, ஆட்டமா? 18 பிள்ளைகளும் ஒற்றை வளையமும்

திண்டுக்கல்லில் நடந்த ஒரு கூடைப்பந்துப் போட்டியில்தான் எனக்கு அடி விழுந்தது. எங்கள் அணியில் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி. பயிற்சியில் இடது கை லே-அப், அதாவது ஓடி வந்து வளையத்தடியில் தாவிப் பந்தைப் போடுவது, அதில் அவளை மிஞ்ச ஆளில்லை. வரிசையிலிருந்து ஓடி வந்தாள் என்றால் பத்துக்கு எட்டு உள்ளே விழும். அன்று பக்கவாட்டுக் கோட்டருகே அவளுக்குப் பந்து கிடைத்தது. எதிரணிப் பெண் வந்து கையை விரித்து நின்றாள், அவ்வளவுதான். இவள் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்தபடியே இரண்டு காலையும் மாற்றி மாற்றி வைத்தாள். நடுவர் விசில் ஊதிக் கைகளைச் சுழற்றினார்: டிராவலிங், பந்தைத் தட்டாமல் கால்களை நகர்த்திய தவறு.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அதுவரை நான் நடத்திய பயிற்சிகளில் அவள் எதிரே நின்றதெல்லாம் பிளாஸ்டிக் கோன்தான். கோன் கையை விரிக்காது.

அதன் பிறகுதான் பயிற்சி முறையை மாற்றினேன். மாற்றி ஒன்றரை ஆண்டு ஆகிறது. இரண்டு முறைகளையும் ஒரே தரையில் நடத்திப் பார்த்தவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன். நடுநிலையாக எழுதுவதாகச் சொன்னால் அது பொய்.

நிலவரம் இது. மதுரை கோ.புதூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் தரை. பத்து முதல் பதின்மூன்று வயது வரை 18 பிள்ளைகள், பையன்களும் பெண்களும் கலந்து. ஐந்தாம் எண் ரப்பர் பந்துகள் ஆறு. உருப்படியான வளையம் ஒன்று. இன்னொன்றும் இருக்கிறது, யாரோ தொங்கித் தொங்கி அது தலை குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

முதல் முறை, நாம் எல்லோரும் கற்றுக்கொண்ட வரிசைப் பயிற்சி. இரண்டு வரிசையாக நிற்க வைத்து லே-அப், கோன்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ட்ரிப்ளிங் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடுவது), மூன்று பேர் பின்னல்போல் குறுக்கே ஓடிப் பாஸ் கொடுப்பது, சுவரில் பந்தை அடித்துப் பிடிப்பது. இரண்டாவது, சிறு ஆட்டங்கள். ஒருவருக்கு ஒருவர், இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விதியைக் கூட்டியோ குறைத்தோ ஆட விடுவது. மூன்றாவதாக ஐந்துக்கு ஐந்து முழு ஆட்டம் என்று ஒன்று உண்டு. இந்த வயதுக்கு அதை அலசவே வேண்டாம். 28 மீட்டர் தரையில் பத்துப் பேருக்கு ஒரு பந்து என்றால், வளர்ந்த பையன்கள் இரண்டு பேர் கூடைப்பந்து ஆடுவார்கள், மற்ற எட்டுப் பேர் ஓட்டப்பந்தயம் ஓடுவார்கள்.

செலவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கோன் இல்லாவிட்டால் தண்ணீர் பாட்டில், ஆட்டத்துக்குச் சாக்குக்கட்டி. ஒழுங்கில் வரிசைதான் முன்னே. தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது ராணுவ அணிவகுப்புபோல் இருக்கும், ஆட்டமோ சந்தைக்கடை. தவற்றைத் திருத்துவதும் வரிசையில் எளிது, ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதான் கண்முன் வருகிறது. இவையெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை.

என் மனத்தை மாற்றியது காத்திருப்புக் கணக்கு.

ஒரு நாள் சும்மா கைப்பேசியில் விநாடி பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு வரிசை, வரிசைக்கு ஒன்பது பேர். ஒருவர் லே-அப் போடுகிறார், எதிர்வரிசைக்காரர் பந்தை எடுக்கிறார், பிறகு இருவரும் வரிசை மாறிக்கொள்கிறார்கள். ஒரு முறைக்கு ஐந்து விநாடி. லே-அப் போட்ட பிள்ளை பந்து எடுக்கும் வரிசையில் 45 விநாடி, திரும்ப லே-அப் வரிசையில் 45 விநாடி. ஆக ஒரு பிள்ளைக்கு 90 விநாடிக்கு ஒரு லே-அப். கால் மணி நேரத்துக்குப் பத்து. ஒவ்வொன்றிலும் பந்து கையில் இருப்பது நான்கு விநாடி என்று வைத்தால் மொத்தம் நாற்பது விநாடி. 15 நிமிடத்தில் ஒரு நிமிடம்கூடத் தேறவில்லை. இதுவும் பந்து ஒழுங்காகத் திரும்பி வந்தால்தான். எங்கள் தரையின் ஓரத்தில் கருவேலம்புதர். ஒரு பந்து அதற்குள் போனால் ஒட்டுமொத்த வரிசையும் முள் பார்த்துக் கால் வைக்கும் ஒருவனை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கும்.

நிற்கிற பிள்ளை சும்மா நிற்குமா? முன்னால் நிற்பவன் காலணிக் கயிற்றை அவிழ்க்கும், வாய்ச்சண்டை இழுக்கும். பிறகு நான் பத்து நிமிடம் பஞ்சாயத்துப் பேச வேண்டும். அதையும் கணக்கில் எழுதினால் வெட்கக்கேடு.

சிறு ஆட்டத்தில் 18 பேரையும் இப்படிப் பிரிக்கிறேன். வளையத்தில் ஆறு பேர், மூன்றுக்கு மூன்று. மிச்சம் பன்னிரண்டு பேர், இரண்டுக்கு இரண்டாக மூன்று குழு. அதில் ஒரு குழுவுக்குச் சுற்றுச்சுவரில் சாக்குக்கட்டியால் ஒரு சதுரம் வரைந்திருக்கிறேன். அதன் அடிக்கோடு 2.60 மீட்டர் உயரத்தில். சிறுவர் கூடைப்பந்துக்கு வளையம் இருக்க வேண்டிய உயரம் அதுதான். எங்கள் வளையமோ பெரியவர்களுக்கான 3.05 மீட்டரில் இருக்கிறது. அதற்கு எறிந்தால் பிள்ளைகள் இடுப்பிலிருந்து பந்தை வீசிப் பழகிவிடுகிறார்கள். மற்ற இரண்டு குழுக்களுக்குச் சுவரும் இல்லை, கோடுதான். எதிர்க்கோட்டைத் தாண்டி, இரண்டு காலையும் ஒருசேர ஊன்றிப் பந்தைப் பிடித்தால் ஒரு புள்ளி. ஆக நான்கு பந்து போதும். இரண்டு பந்து புதருக்கு நேர்ந்துவிட்டவை.

இப்போது கணக்கைப் பாருங்கள். நிறுத்தம், சண்டை, தண்ணீர் எல்லாம் போகக் கால் மணியில் பன்னிரண்டு நிமிடம் ஆட்டம் நடந்தால், நாலு பேர் குழுவில் தலைக்கு மூன்று நிமிடம் பந்து கையில் இருக்கிறது. ஆறு பேர் குழுவில் இரண்டு நிமிடம். நாற்பது விநாடி எங்கே, இது எங்கே! பந்து கையில் இல்லாத நேரமும் வீணில்லை. வெட்டி ஓடுகிறார்கள், கையை நீட்டிப் பந்து கேட்கிறார்கள், மறிக்கிறார்கள். தாக்குதல் ஆட்டத்தின் அடிப்படை என்று சொல்வதில் பாதி, பந்து இல்லாதபோது எங்கே போய் நிற்பது என்பதுதானே? வரிசையில் அதற்கு இடமே இல்லை. அங்கே போய் நிற்க வேண்டிய இடம் வரிசையின் கடைசி.

எனக்குப் பிடித்த விதி, ட்ரிப்ளிங் தடை. மூன்றுக்கு மூன்று, ஆனால் யாரும் பந்தைத் தட்டக் கூடாது. முதல் இரண்டு நாள் அழுகை. மூன்றாம் நாள் ஜம்ப் ஸ்டாப்பும் (இரண்டு காலையும் ஒருசேர ஊன்றி நிற்பது) பிவட்டும் (ஒரு காலை ஊன்றியபடி மற்றக் காலை வைத்துத் திரும்புவது) தானாக வந்துவிட்டன. பிடித்த இடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளைக்கு வேறு வழி இல்லை. இரண்டு காலும் ஒருசேர ஊன்றினால் எந்தக் காலையும் பிவட்டாக வைத்துக்கொள்ளலாம் என்ற விதியை நான் வரிசையில் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். ஆட்டத்தில் அது அவர்களுக்குத் தேவைப்பட்டது.

திண்டுக்கல்லில் என்னைத் திரும்பிப் பார்த்த பெண்ணையே சொல்கிறேன். மாற்றிய சில மாதங்களில் ஒரு சனிக்கிழமை, சுவர்ச் சதுரத்தருகே இரண்டுக்கு இரண்டு. பந்தைப் பிடித்து இரண்டு காலையும் ஊன்றினாள். மறித்தவன் அவளது வலப்பக்கம் சாய்ந்தான். இடது காலை நகர்த்தாமல் வலது காலை அவன் இடுப்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வைத்தாள். தோளைத் தாழ்த்தி, அவன் கைக்குக் கீழே தரையில் தட்டிக் கூட்டாளிக்குப் பந்தை அனுப்பினாள். அவன் எறிந்தது சதுரத்துக்கு ஒரு முழம் மேலே போய்விட்டது. 'டேய், சும்மா இருந்த ஆளுக்குக் கொடுத்தேன் பார்!' என்று கத்தினாள். என்னை அவள் பார்க்கவே இல்லை.

வரிசைக்கும் அதற்குரியதைக் கொடுத்துவிடுகிறேன். இடது கை ஆட்டத்தில் வளராது. பிள்ளைகள் அதை ஒளித்தே வைத்திருப்பார்கள். இடது கைக் கூடைக்கு இரண்டு புள்ளி என்று ஆசை காட்டினேன், பாதிதான் பலித்தது. அதற்கு மைகன் பயிற்சியைவிடச் சிறந்தது நான் பார்த்ததில்லை. 1940களில் டீபால் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மைகன் என்ற நெட்டை மாணவரை அவரது பயிற்சியாளர் ரே மேயர் வளையத்தடியில் நிறுத்தி, வலம் ஒன்று இடம் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட வைத்தது அது. ஒருவருக்கு ஒரு பந்தும் ஒரு வளையமும் வேண்டும் என்பதால், சீக்கிரம் வருகிறவர்களுக்கு மட்டும் என்று வைத்திருக்கிறேன். இப்போது ஐந்தே முக்காலுக்கே நாலு பேர் வாசலில் நிற்கிறார்கள். முதல் வாரம் வருகிற புதுப் பிள்ளைகளுக்கும் வரிசை வேண்டும். வலது, இடது, தாவு என்ற கால் கணக்கு தெரியாமல் ஆட்டத்தில் இறங்கினால் அவமானம்தான் மிஞ்சும்.

இன்னொன்று. சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை அன்று பயிற்சிக்கு ஆறு பேர்தான் வந்தார்கள். அழகர் மூன்றுமாவடி தாண்டிப் புதூர் வழியாக வருகிற நாளில் யார் கூடைப்பந்து ஆட வருவார்கள்? வந்த ஆறு பேருக்கும் ஆளுக்கொரு பந்து. அன்று வரிசைப் பயிற்சி அமிர்தமாக நடந்தது. காத்திருப்பே இல்லை. ஆகவே உங்களிடம் ஆறேழு பிள்ளைகளும் இரண்டு வளையமும் இருந்தால் என் வாதத்தில் பாதி விழுந்துவிடும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு பாலமும் உண்டு. லே-அப்புக்கு ஓடுகிறவருக்கு ஓரடி பின்னால் ஒருவரை நிறுத்தித் துரத்த விடுவது. மூச்சுச் சத்தம் முதுகில் கேட்டதும், வரிசையில் அழகாக இருந்த லே-அப்புகள் குலைந்து போகும். குலைந்தவை இரண்டு வாரத்தில் வேறு மாதிரி ஒட்டிக்கொள்ளும், கொஞ்சம் அழகு குறைவாக.

ஆட்ட முறையில் தலைவலி இல்லாமல் இல்லை. பையன்கள் பெண்களுக்குப் பந்து கொடுக்கவில்லை. மூன்று பேர் கையும் பட்ட பிறகுதான் கூடை செல்லும் என்று விதி போட்ட பிறகு கொடுக்கிறார்கள், முகத்தைத் தூக்கிக்கொண்டு. உயரம் பார்த்துக் குழு பிரிக்காவிட்டால் ஒருவனே ஆள்வான். பெற்றோர் வேறு. 'என்ன சார், விசில்கூட ஊதாமல் பிள்ளைகளைச் சும்மா விளையாட விட்டுவிட்டு நிற்கிறீர்களே' என்று ஒரு தகப்பனார் கேட்டார். மூன்றுக்கு மூன்று என்பது 2021இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கிலேயே சேர்க்கப்பட்ட விளையாட்டு; ஒரே வளையம், பாதித் தரை, 12 விநாடிக்குள் எறிய வேண்டும் என்றேன். ஒலிம்பிக் என்றதும் குரல் இறங்கிவிட்டது. வரிசைக்கு இவ்வளவு விளக்கம் கேட்டு யாரும் வந்ததில்லை.

பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களை நான் பயிற்றுவித்ததில்லை. அவர்களுக்கு இதே விகிதம் சரிப்படுமா என்பதில் என் பேச்சை நம்ப வேண்டாம். எறியும் முறையைத் திருத்துவதிலும் ஆட்டம் பெரிதாக உதவியதாக எனக்குத் தோன்றவில்லை. அதற்குத் தனியாக நேரம் ஒதுக்கத்தான் வேண்டியிருக்கிறது. இப்போதைக்கு ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடம் வரிசை, பத்து நிமிடம் எறிதல், மிச்சம் ஆட்டம்.

வெல்டிங் கடைக்காரர் குனிந்த வளையத்தை நிமிர்த்த அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். போன மாதமும் அதையேதான் சொன்னார். வந்து நிமிர்த்தினால் ஒரு லே-அப்புக்கு 90 விநாடி என்பது 45 விநாடியாகக் குறையும். இருந்தாலும் அந்த வளையத்துக்கு ஆறு பேரை இப்போதே பிரித்து வைத்துவிட்டேன், மூன்றுக்கு மூன்று.