ஆத்தோர இல்க்லியா, ஹெதர்ப்புதர் மூர்டவுனா? லீட்ஸ்ல இருந்து ஒரே ஒரு கோல்ஃப் ரவுண்டுக்கு என் ஓட்டு

போன கோடைல மச்சான் கோயமுத்தூர்ல இருந்து வந்திருந்தாரு. ஊட்டி ஜிம்கானால கோல்ஃப் ஆடிப் பழகின ஆளு, ஹேண்டிகேப் (ஒரு ரவுண்டுல பாரை, அதாவது கோர்ஸுக்கு வச்ச அடிக் கணக்கை விட சுமாரா எத்தனை அடி கூட ஆகும்ங்கறது) இருபதுக்கு மேல, நானும் அதே லெவல்தான். "இங்கிலாந்துல ஒரு நல்ல கோர்ஸ்ல ஒரு ரவுண்டாவது ஆடிட்டுத்தான் பிளேன் ஏறுவேன்"னு வந்த அன்னைக்கே சொல்லிட்டாரு. லீட்ஸ்ல குடியிருக்கறவங்ககிட்ட இதைக் கேட்டா எப்பவும் ரெண்டு பேர்தான் அடிபடும். வார்ஃப் ஆத்தங்கரைல இருக்கற இல்க்லி, இல்லன்னா ஊருக்கு வடக்க ஹாரகேட் ரோட்டு மேல இருக்கற மூர்டவுன். ரெண்டுலயும் நான் விசிட்டரா ஆடியிருக்கேன், எங்கயும் மெம்பர் கிடையாது. மச்சானை கூட்டிட்டுப் போனது இல்க்லிக்கு. இப்ப யார் கேட்டாலும் அங்கதான் போகச் சொல்றேன், ஏன்னு கொஞ்சம் விவரமாவே சொல்லிடறேன்.

முதல்ல மூர்டவுனுக்கு உரிய மரியாதையைக் குடுத்துடணும். சரித்திரம்னு எடுத்துக்கிட்டா போட்டியே இல்ல. பிரிட்டிஷ் மண்ணுல முதல் ரைடர் கப் (அப்ப பிரிட்டனும் அமெரிக்காவும் மோதின டீம் போட்டி) நடந்த இடம் அது, 1929 ஏப்ரல்ல. வால்டர் ஹேகன் தலைமையில வந்த அமெரிக்க டீமை ஜார்ஜ் டங்கனோட பிரிட்டிஷ் டீம் 7-5ன்னு அடிச்சு அனுப்பிச்சாங்க. கோர்ஸைப் போட்டவர் அலிஸ்டர் மெக்கன்சி. யார்க்‌ஷயர்ல பொறந்த டாக்டர், போயர் போர்ல ராணுவ மருத்துவரா இருந்தப்போ எதிராளிங்க பதுங்கற விதத்தைப் பாத்து கத்துக்கிட்ட மறைப்பு வித்தையை அப்புறம் பங்கர்லயும் (மணல் குழி) கிரீன்லயும் (குழி இருக்கற வழவழப்பான புல்தரை) கொண்டு வந்தவரு. பின்னாடி அமெரிக்கா போயி கோல்ஃப் வீரர் பாபி ஜோன்ஸோட சேர்ந்து அகஸ்டா நேஷனல் கோர்ஸை உருவாக்கினவரும் இவரேதான். மூர்டவுன்ல 'ஜிப்ரால்டர்'னு ஒரு பார் 3 (மூணு அடில முடிக்க வேண்டிய ஹோல்) இருக்கு, பாறை மேல மண்ணைப் போட்டு எழுப்பின கிரீன், அந்த கோர்ஸ்லயே முதல்ல கட்டின ஹோல் அதுதான். அது மேல நின்னு பட் போடறப்போ உடம்பு சிலிர்க்கத்தான் செய்யும், அதை நான் மறுக்கவே மாட்டேன்.

இல்க்லிக்கும் சொல்லிக்க பெருமை இருக்கு. 1890ல ஆரம்பிச்ச கிளப், காலின் மாண்ட்கோமரி சின்னப் பையனா கோல்ஃப் கத்துக்கிட்டது இங்கதான். ஐரோப்பிய டூர்ல எட்டு தடவை ஆர்டர் ஆஃப் மெரிட் (வருஷத்துப் பரிசுப்பண வரிசைல முதல் இடம்) எடுத்த மனுஷன், 2010ல ஐரோப்பா டீமோட ரைடர் கப் கேப்டன். ஆனா பேருக்காக மட்டும் போகணும்னா மூர்டவுனுக்கே போங்க.

போக வர வசதியை ரெண்டு வரில முடிச்சுடறேன். இல்க்லிக்கு லீட்ஸ் ஸ்டேஷன்ல இருந்து நேரா ரயில், அரை மணி நேரம், அங்க இருந்து ஊரைத் தாண்டி ஆத்துப் பாலத்தைக் கடந்தா பேக்கோட நடந்தே போயிடலாம். மூர்டவுனுக்கு ஹாரகேட் போற 36ம் நம்பர் பஸ், இல்லன்னா கார். கிரீன் ஃபீ (விசிட்டர் ஆடறதுக்குக் கட்ற கட்டணம்) மூர்டவுன்ல கூடத்தான், எவ்வளவு கூடன்னு சீசனையும் கிழமையையும் பொறுத்து மாறும், புக் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு சைட்டையும் பாத்துக்கங்க. ஷூ, காலர் வச்ச சட்டை, இதெல்லாம் ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதான்.

இனி அழகு. மூர்டவுன்ல பிர்ச் மரம், ஹெதர் (குட்டையா அடர்ந்து வளர்ற புதர்ச்செடி), மஞ்சப்பூ பூக்கற முள்ளுப்புதர். மச்சானுக்கு போட்டோ காட்டினதும் "இது நம்ம ஊட்டி கோர்ஸ்ல இருக்கற அதே முள்ளுச்செடி"ன்னாரு, உண்மைதான், வெள்ளைக்காரன் கொண்டு வந்து நீலகிரில நட்டு அது அங்க பரவிடுச்சு. ஆகஸ்ட்ல ஹெதர் பூத்து கோர்ஸே ஊதாவா இருக்கும், அந்த நேரத்துல பாக்கணும். இல்க்லி வேற ரகம். ஆரம்ப ஹோல்கள் ஆத்தை ஒட்டியே போகும், தலையைத் தூக்கினா தெற்க இல்க்லி மூரோட (மேட்டுப் புதர்வெளி) முதுகு, கீழ வார்ஃப். இந்த ஆத்துத் தண்ணி தெளிவாவும் இருக்கும் டீ டிகாஷன் நிறத்துலயும் இருக்கும், மேல மூர்ல இருக்கற பீட் மண்ணு கரைஞ்சு வர்றதால. கரைல ஆல்டர் மரம், ஆழமில்லாத இடத்துல உருண்டைக் கல்லு, அந்தக் கல்லு மேல குட்டியா நெஞ்சு மட்டும் வெள்ளையா ஒரு கருப்புப் பறவை உக்காந்து உடம்பை மேலயும் கீழயும் ஆட்டிட்டே இருக்கும், திடீர்னு தண்ணிக்குள்ள நடந்தே உள்ள போயிடும். டிப்பர்னு பேரு. மச்சான் டீ ஷாட்டுக்கு (ஹோல் ஆரம்பிக்கற டீங்கற இடத்துல அடிக்கற முதல் அடி) பாலை வச்சுட்டு அதையே பாத்துட்டு நின்னாரு, பின்னாடி வந்த க்ரூப்ல இருந்த பெரியவர் கோவப்படாம எங்க கூட நின்னு அவரும் பாத்தாரு.

அழகை வச்சு மட்டும் நான் முடிவெடுக்கல. எங்களை மாதிரி இருபது ஹேண்டிகேப் ஆளுங்களுக்கு முடிவைத் தீர்மானிக்கற விஷயம் ஒண்ணே ஒண்ணுதான், தப்பா அடிச்ச பாலுக்கு கோர்ஸ் என்ன தண்டனை குடுக்குதுங்கறது. இதை யாரும் கணக்குப் போட்டுப் பாக்கறதில்ல. ஆறுன்னதும் பயந்துடறாங்க, ஹெதர்னா செடிதானேன்னு நினைக்கறாங்க. நிலைமை அப்படியே தலைகீழ்.

ஆத்துல பால் போச்சுன்னு வைங்க. பக்கவாட்டுல ஓடற ஆறு வழக்கமா சிவப்புக் குச்சி நட்ட பெனால்டி ஏரியாவா இருக்கும் (ஸ்கோர் கார்டு பின்னாடி லோக்கல் ரூலைப் படிச்சு சிவப்பா மஞ்சளா, இல்ல அவுட் ஆஃப் பவுண்ட்ஸ் (எல்லைக்கு வெளிய) வெள்ளையான்னு ஆடறதுக்கு முன்னாடியே பாத்துக்கங்க, மஞ்சள்னா பக்கவாட்டு டிராப், அதாவது பாலைப் பக்கத்துல கீழ விட்டு ஆடறது, கிடையாது). சிவப்புன்னா ஒரு ஸ்ட்ரோக் (அடி) தண்டனை, பால் எந்த இடத்துல கோட்டைக் கடைசியா தாண்டுச்சோ அங்க இருந்து ரெண்டு கிளப் (அடிக்கற மட்டை) நீளத்துக்குள்ள, ஹோலுக்குக் கிட்ட போகாம, முழங்கால் உயரத்துல இருந்து டிராப். அவ்வளவுதான். டீ ஷாட் ஒண்ணு, தண்டனை ஒண்ணு, ஃபேர்வே (வெட்டி விட்ட புல்தரைப் பாதை) ஓரத்துல இருந்து மூணாவது ஷாட் ஆடறீங்க. நீங்க அடிச்ச தூரம் பெரும்பாலும் உங்ககிட்டயே இருக்கு. மச்சானோட பால் கரைல இருந்த கல்லுல பட்டு டொக்குன்னு ஒரு சத்தம், ஒரு துள்ளு, தண்ணிக்குள்ள. எல்லாரும் கண்ணால பாத்தோம், தேட வேண்டிய வேலையே இல்ல. டிரைவர் கிளப்பை ரெண்டு தடவை தரைல போட்டு அளந்தாரு, டிராப் பண்ணாரு, அஞ்சு அயர்ன்ல அடிச்சாரு, டபுள் போகியோட (பாரை விட ரெண்டு அடி கூட) ஹோல் முடிஞ்சது, முகத்துல சிரிப்பு போகல.

இப்ப ஹெதருக்கு வாங்க. பால் உள்ள போச்சு. எங்கேயோ இங்கதான்னு தெரியும், ஆனா கண்ணுக்குத் தெரியாது. 2019ல ரூல் மாத்தினதுல இருந்து தேடறதுக்கு மூணே நிமிஷம், முன்னாடி அஞ்சு இருந்தது. மூணு நிமிஷத்துல கிடைக்கலைன்னா அது லாஸ்ட் பால், ஒரு ஸ்ட்ரோக் தண்டனையோட முந்தி அடிச்ச இடத்துக்கே திரும்பணும். அதாவது டீல இருந்து மறுபடி மூணாவது ஷாட். ஆத்துலயும் மூணாவது, இங்கயும் மூணாவது, ஆனா அங்க ஃபேர்வே பக்கத்துல இருந்து, இங்க பின்னாடி டீல இருந்து. ஒரு முழு டிரைவோட வித்தியாசம், எங்க லெவல்ல அது ஒரு ஸ்ட்ரோக்கோ ஒண்ணரை ஸ்ட்ரோக்கோ. ப்ரொவிஷனல் பால் (தற்காலிக மாற்றுப் பால்)னு வாயைத் திறந்து சொல்லிட்டு இன்னொண்ணு அடிச்சிருந்தா நடை மிச்சம், ஸ்கோர் மிச்சமில்ல. நாலு பேர் க்ரூப்ல ஆளுக்கு ரெண்டு தடவை இப்படித் தேடினா ரவுண்டுல எவ்வளவு நேரம் புதருக்குள்ள குனிஞ்சே கழியுதுன்னு நீங்களே போட்டுப் பாருங்க.

சரி, பால் கிடைச்சுடுச்சுன்னே வைங்க. அப்பவும் நிம்மதி கிடையாது. ஹெதர் தண்டு விறைப்பானது, மரத்தண்டு, பால் அதுக்கு அடியில போயி உக்காந்துக்கும். கிளப் உள்ள போறப்போ தண்டு கிளப்போட கழுத்துல சுத்தி இழுக்கும், கிளப் முகம் மூடிக்கும், பால் இடது பக்கமா ரெண்டு அடி தள்ளி இன்னொரு ஹெதருக்குள்ள விழும். வெட்ஜ் எடுத்து பக்கவாட்டுல ஃபேர்வேக்கு வெளிய தள்றதுதான் புத்திசாலித்தனம், அதுக்கும் மணிக்கட்டுல பலம் வேணும். அன்பிளேயபிள் (ஆட முடியாத பால்)னு சொல்லி ரெண்டு கிளப் நீளம் டிராப் எடுக்கலாம், ஆனா ரெண்டு கிளப் தள்ளியும் ஹெதராத்தான் இருக்கும் பல இடத்துல.

ஆத்துப் பக்கமும் ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. பால் தண்ணிக்குள்ள போச்சுன்னு கிட்டத்தட்ட நிச்சயமா தெரிஞ்சாத்தான் அந்த டிராப் செல்லும். ஆத்துக்கும் ஃபேர்வேக்கும் நடுவுல ஆளுயரப் புல்லு இருந்து, பால் அந்தப் பக்கமாப் போச்சு, தண்ணில விழுந்ததை யாரும் பாக்கலைன்னா, ஆத்துல போயிருக்கும்னு ஊகத்துல டிராப் எடுக்க முடியாது, அதுவும் லாஸ்ட் பால்தான். அதே மாதிரி, நண்பர்களுக்குள்ள சும்மா ஆடறப்போ லாஸ்ட் பாலுக்கு ரெண்டு ஸ்ட்ரோக் போட்டுக்கிட்டு ஃபேர்வே ஓரமா டிராப் பண்ற லோக்கல் ரூல் ஒண்ணு 2019ல இருந்தே இருக்கு, கிளப் அதை அனுமதிச்சிருந்தா மூர்டவுன்லயும் திரும்பி நடக்கற பாடு இல்ல. ஆனா அப்பவும் தண்டனை ரெண்டு, ஆத்துல ஒண்ணு.

இன்னொண்ணு, இதை அழுத்திச் சொல்லணும். பாலைத் தேடி ஆத்துக்குள்ள இறங்காதீங்க. தண்ணில கிடக்கற பாலை அப்படியே அடிக்கலாம்னு ரூல் சொல்லுது, ஓடற தண்ணில நகர்ந்துட்டிருக்கற பாலைக் கூட அடிக்கலாம். இருந்தாலும் வேண்டாம். வார்ஃப், மேல டேல்ஸ் பள்ளத்தாக்குப் பக்கம் மழை பெஞ்சா மளமளன்னு ஏறற ஆறு. அதோட இல்க்லி பக்கத்து வார்ஃப்தான் இங்கிலாந்துல குளிக்கற இடமா அரசு 2020 டிசம்பர்ல அறிவிச்ச முதல் ஆத்துப் பகுதி, அறிவிச்சதும் தண்ணியை சோதிச்சாங்க, 'மோசம்'னு தரம் வந்தது, கழிவுநீர்தான் காரணம்னு ஊர்க்காரங்க இன்னும் போராடிட்டிருக்காங்க. போன பால் போகட்டும்.

ஆத்தோர கோர்ஸுக்கு இருக்கற பெரிய குறை வெள்ளம். 2015 பாக்ஸிங் டேல (டிசம்பர் 26) வார்ஃப் கரை மீறிச்சு, அந்த வெள்ளத்துல கீழ டாட்காஸ்டர்ல பழைய பாலத்தோட ஒரு பகுதியே இடிஞ்சது. 2020 பிப்ரவரில சியாரா புயல்லயும் இல்க்லிக்குள்ள தண்ணி வந்தது. ஆறு கொண்டு வந்து போட்ட வண்டல் நிலம் ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும், மூர்டவுன் புல்தரை எனக்குத் தெரிஞ்சு எப்பவும் காலுக்கு ஸ்பிரிங்காத்தான் இருந்திருக்கு. ஆனா நான் இல்க்லில ஆடினதெல்லாம் மே மாசத்துக்கும் செப்டம்பருக்கும் நடுவுலதான், அதனால ஜனவரி மாசத்து நிலைமையை என் அனுபவமா எடுத்துக்காதீங்க. வருஷம் பூரா ஆட மெம்பர்ஷிப் தேடறவங்க ரெண்டு இடத்துலயும் குளிர்காலத்துல ஒரு தடவை நேர்ல போயி நடந்து பாத்துட்டு, போன வருஷம் எத்தனை நாள் கோர்ஸ் மூடியிருந்ததுன்னு கேட்டுட்டு அப்புறம் பணம் கட்டுங்க. மெம்பர்ஷிப்னு வந்தா நானே மூர்டவுன் பக்கம் சாயலாம்.

அதே மாதிரி ஹேண்டிகேப் பத்துக்குக் கீழ இருக்கறவங்க, ஃபேர்வேல பாலை நிறுத்தத் தெரிஞ்சவங்க, மெக்கன்சி கிரீன்களைப் படிச்சு ரசிக்கறவங்க, நீங்க மூர்டவுன் போறதுதான் நியாயம். உங்களுக்கு ஹெதர் ஓரத்துல இருக்கற அலங்காரம். பக்கத்துலயே ஆல்வுட்லியும் இருக்கு, 1907ல ஆரம்பிச்சது, மெக்கன்சியோட முதல் கோர்ஸ், ரெண்டு நாள் கிடைச்சா ரெண்டையும் சேர்த்து ஆடலாம். இல்க்லில ஆறு விலகினதுக்கு அப்புறம் வர்ற ஹோல்கள் ஆரம்பத்தளவுக்கு என் மனசுல நிக்கல, அதையும் சொல்லிடணும்.

ஆனா ஊர்ல இருந்து வந்த ஆளைக் கூட்டிட்டுப் போறீங்க, ஒரே ஒரு நாள்தான், ஹேண்டிகேப் இருபதுன்னா, இல்க்லி. கூட ஆடாதவங்க இருந்தாலும் கவலையில்ல, என் வீட்டம்மாவும் அக்காவும் அந்த நேரத்துல பழைய கல்பாலத்துல ஆரம்பிக்கற டேல்ஸ் வே பாதைல ஆத்தோரமாவே ஆடிங்கம் வரைக்கும் நடந்துட்டு வந்து பெட்டீஸ் டீக்கடைல டீ குடிச்சுட்டு உக்காந்திருந்தாங்க.

புக் பண்றப்போ சனிக்கிழமை கேக்காதீங்க, மெம்பர் போட்டி இருக்கும். ஜூன்ல வாரநாள் மதியத்துக்கு மேல ஒரு டீ டைம் (ஆட ஆரம்பிக்கற நேரம்) கேளுங்க, ராத்திரி ஒன்பதரை வரைக்கும் வெளிச்சம் இருக்கும், அவசரமே இல்ல. முந்தின நாள் டேல்ஸ்ல நல்ல மழைன்னா காலைல அரசாங்க வெள்ள எச்சரிக்கை சைட்ல வார்ஃப் மட்டத்தைப் பாத்துட்டு, ப்ரோ ஷாப்புக்கு ஒரு போன் போட்டு கோர்ஸ் திறந்திருக்கான்னு கேட்டுட்டு ரயில் ஏறுங்க, பேக்ல பழைய பாலா நாலஞ்சு கூடவே எடுத்து வச்சுக்கங்க.