கேலக்ஸிஸ்பேஸா, ஜீஸ்பேஸா?

இரண்டுமே 2018இல் தொடங்கிய சீனத் தனியார் நிறுவனங்கள். இரண்டும் பூமிக்கு அருகிலான தாழ்வட்டப் பாதையில் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்களை அனுப்புகின்றன. ஒற்றுமை கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

பெய்ஜிங்கின் கேலக்ஸிஸ்பேஸ் குறிவைப்பது அதிவேக இணையத்தை. 2020 ஜனவரியில் முதல் செயற்கைக்கோள், 2022 மார்ச்சில் ஒரே ராக்கெட்டில் ஆறு. 2023இல் ஏவிய லிங்ஷி-03தான் எனக்குப் பிடித்தது. தட்டையான உடல், மடிந்து விரியும் சூரியத் தகடு. சாப்பாட்டுத் தட்டுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம் என்பதால் ஒரு ராக்கெட்டில் நிறைய ஏற்றலாம். ஸ்டார்லிங்க் காட்டிய வழிதான், ஆனாலும் அழகு.

ஜீஸ்பேஸ், கார் தயாரிக்கும் ஜீலியின் பிள்ளை. இதற்கு வீடியோ ஓடும் வேகம் தேவையில்லை. கார், கப்பல், கருவிகள் அனுப்பும் சின்னச் சின்னத் தகவல்களும் துல்லியமான இருப்பிடமும் போதும். அதனால் சில டஜன் செயற்கைக்கோள்களிலேயே வேலை ஆகிறது. 2022 ஜூனில் ஒன்பதில் தொடங்கி, 2025 செப்டம்பரில் 64ஐத் தொட்டு முதல் கட்டத்தை முடித்துவிட்டது.

சரி, எது தேறும்? தொழில்நுட்பத்தில் என் மனம் கேலக்ஸிஸ்பேஸ் பக்கம். ஆனால் இணையச் சேவைக்கு ஆயிரக்கணக்கில் செயற்கைக்கோள்கள் வேண்டும். அந்தக் களத்தில் சீன அரசின் பலத்தோடு குவோவாங் என்ற இணையச் செயற்கைக்கோள் திட்டம் நிற்கிறது. ஜீஸ்பேஸுக்கோ முதல் வாடிக்கையாளர் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்.