ஏழு வருஷம் ஓட்டிய பிக்கப்பில் கோளாறு கண்டுபிடித்த கதை

2018 ஆவணியில் எடுத்த டீசல் பிக்கப் ஒரு லட்சத்து எழுபதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. ஊர் நீடாமங்கலம் பக்கம். குறுவை, சம்பா அறுப்பில் நெல் மூட்டை, அப்புறம் வைக்கோல் கட்டு, வயலில் வேலை ஓய்ந்த மாதங்களில் நாகப்பட்டினத்திலிருந்து மீன் பெட்டி. ஒண்ணேகால் டன் என்றால் 40 கிலோ மூட்டை 31 ஏற்றலாம். அதற்கு மேல் நான் ஏற்றுவதில்லை.

டெல்டாவில் ஓடும் வண்டிக்கு எதிரி மூன்று: தண்ணீர், தூசி, உப்புக் காற்று. என் வண்டியில் வந்த கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றால் வந்தவை. அதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வருஷமும் கணிசமான பணமும் ஆனது.

மூன்றாவது வருஷம் தை மாதம், கொள்முதல் நிலையத்தில் வரிசையில் நிற்கிறேன். முன்னால் இருந்த டிராக்டர் நகர்ந்தது. சாவியைத் திருப்பினால் ஒரே ஒரு ‘டக்’. மறுபடியும் ‘டக்’. நாலு பேர் தள்ளி வண்டியை எடுத்தோம். பேட்டரிதான் என்று நினைத்து அன்று சாயங்காலமே புதுசு வாங்கிப் போட்டேன், கிட்டத்தட்ட ஏழாயிரம். இரண்டு வாரம் ஒழுங்காக ஓடிவிட்டுத் திரும்பவும் அதே ‘டக்’. செல்ஃப் மோட்டாரைக் கழற்றி புஷ், கார்பன் எல்லாம் மாற்றினார்கள். அதற்குப் பிறகும் அதே கதை.

கடைசியில் மன்னார்குடியில் ஒரு வயதான எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் ஸ்பேனரையே எடுக்கவில்லை. “தம்பி, ஹெட்லைட்டைப் போட்டுட்டு செல்ஃப் அடி” என்றார். அடித்தேன். லைட் கொஞ்சம்கூட மங்கவில்லை. “லைட் செத்துப்போற மாதிரி மங்குச்சுன்னா பேட்டரி, இல்லன்னா மோட்டார் இறுகியிருக்கு. மங்கவே இல்லன்னா கரண்ட் மோட்டாருக்கே போகலப்பா.” அப்புறம் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்து, மறுபடி செல்ஃப் அடிக்கச் சொன்னார். மீட்டர் 1.9 வோல்ட் காட்டியது. கால் வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது.

கோளாறு இருந்த இடம், கியர்பாக்ஸ் பக்கம் இன்ஜினையும் சேசிஸையும் இணைத்து, கரண்ட் பேட்டரிக்குத் திரும்ப வழிவிடும் எர்த் பட்டை. பின்னல் செம்புக் கம்பி; வெளியே கரும்பச்சை பூத்திருந்தது. அவர் விரலால் வளைத்ததும் போல்ட் ஓரத்தில் பாதி இழைகள் பொடியாக உதிர்ந்தன. மீன் பெட்டியிலிருந்து உருகி வடிந்த உப்புத் தண்ணீர் ஒவ்வொரு நடையிலும் அதன் மேல் சொட்டியிருக்கிறது. புதுப் பட்டை 200 ரூபாய்கூட இல்லை. போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் வெள்ளையாகும்வரை தேய்த்து, முறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். அன்றிலிருந்து செல்ஃப் ஒரே சுற்றில் பிடிக்கிறது.

மல்டிமீட்டர் அன்றைக்கே வாங்கினேன். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். இன்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4-க்குள் இருந்தால் டைனமோ நன்றாக இருக்கிறது. ஓடும்போதும் 12.5-லேயே நின்றால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள், அப்புறம்தான் டைனமோவைக் கழற்ற வேண்டும். எர்த் கோளாறு ஒருபக்கம் இருக்க, முதல் பேட்டரியும் சீக்கிரம் தளர்ந்துதான் போயிருந்தது; அதற்கு ஒரு காரணம் உண்டு. 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு கரண்ட் இல்லாத நாட்களில் தெருவே என் வண்டியில்தான் செல்போன் சார்ஜ் போட்டது. இன்ஜினை ஓடவிடாமல் திரும்பத் திரும்ப அடிமட்டம்வரை இறக்கினால் வண்டி பேட்டரி தாங்காது. அதில் எனக்கு வருத்தமில்லை.

எர்த் விஷயத்தில் இன்னொன்று. பிரேக்கை மிதித்தால் பின்னால் இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறதா? பல்பை மாற்றாதீர்கள். அந்த விளக்கின் எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கும். வழி அடைபட்ட கரண்ட் பக்கத்து பல்பு வழியாகத் திரும்பிப் போக முயல்கிறது.

அடுத்தது சூடு. அறுப்பு மிஷின் ஓடும் வயல் ஓரம் ஒரு நாள் நின்றாலே போதும், பதரும் வைக்கோல் தூசியும் ரேடியேட்டர் முகத்தில் அப்பிக்கொள்ளும். முன்னால் இருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் மெத்தை மாதிரி அடைந்திருக்கும். லோடோடு வேகமாகப் போகும்போது சூடு காட்டும் முள் ஏறினால் அடைப்பு அல்லது கூலன்ட் குறைவு. ரயில்வே கேட்டில் நிற்கும்போது மட்டும் ஏறினால் ஃபேன் பக்கம். நீடாமங்கலம் கேட்டில் காத்திருந்து காத்திருந்து இந்த வித்தியாசம் எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. கழுவும்போது இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் பீச்சலைக் கிட்டே பிடித்தால் மெல்லிய தகடெல்லாம் மடங்கிவிடும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ரோட்டில் ஓடும் தண்ணீருக்குள் இறங்கினால் பின் ஆக்சிலை மறக்காதீர்கள். ஓடிச் சூடான ஆக்சில் கூடு (ஹவுசிங்) குளிர்ந்த தண்ணீரில் சட்டென்று இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகவோ காற்றுக் குழாய் வழியாகவோ தண்ணீரை இழுத்துக்கொள்ளும். 2021 மழை முடிந்து ஆக்சில் ஆயிலை இறக்கினேன். பால் கலந்த காபி நிறத்தில் வந்தது. அப்போதே மாற்றியதால் ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன் பற்சக்கரம் தப்பித்தது. டீசல் ஃபில்டரின் அடித் திருகையும் மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை தளர்த்தி, ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்க்கிறேன். தண்ணீர் அடியில் தனியாகத் தெரியும்.

கிளட்ச் ஒருமுறை மாற்றினேன், ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தில். மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் இரைந்து, வண்டி மட்டும் நகராமல் அடையாளம் காட்டியது. பிரேக் லைனிங், டயர் எல்லாம் வழக்கமான தேய்மானம்தான்.

இப்போது ஒரு மாதமாக முதல் கியரில் கிளம்பும்போது அடியில் ‘டங்’ என்று ஒரு சத்தம். வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்கு அண்டக்கல் வைத்து, நியூட்ரலில் போட்டுக் கீழே படுத்து, கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் திருகிப் பார்த்தேன். அதன் பின்முனை மூட்டான கிராஸ் லேசாக ஆடுகிறது, மூடியைச் சுற்றிச் செம்மண் மாதிரித் துருப்பொடி. கிரீஸ் அடித்தும் சத்தம் போகவில்லை. சம்பா லோடு தொடங்குவதற்குள் மாற்றிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கழற்றலாம் என்று மெக்கானிக்கிடம் சொல்லியிருக்கிறேன்.