பழைய லென்ஸுக்குப் புது கிரீஸ்: மதுரை வெயிலில் ஆறு ஆண்டுகள்

மதுரை கே.கே. நகரில் உள்ள எங்கள் வீட்டு மாடியறையில், கடந்த ஆறு ஆண்டுகளில் 11 பழைய கேமரா லென்ஸ்களைப் பிரித்து, துடைத்து, கிரீஸ் மாற்றிப் பூட்டியிருக்கிறேன். அவற்றுள் ஐந்து சோவியத் தயாரிப்பான ஹீலியோஸ் 44-2, மூன்று ஜப்பானிய டாக்குமார், மற்றவை உதிரி. பெரும்பாலானவை மூடப்பட்ட ஸ்டூடியோக்களின் மரப் பெட்டிகளிலிருந்து வந்தவை. கண்ணாடியைத் துடைப்பதுதான் இதில் கடினமான பகுதி என்று தொடக்கத்தில் நம்பியிருந்தேன். ஆனால் இரண்டு கோடைகளைக் கடந்த பின்னும் ஒரு லென்ஸ் எப்படிச் சுழல்கிறது என்பதைத் தீர்மானிப்பவை, உள்ளே இட்ட கிரீஸின் வகையும் அளவும்தான் என்பதை அனுபவம் எனக்குக் காட்டியது.

முதலில் பிரித்த ஹீலியோஸின் ஃபோகஸ் வளையம் இரு கைகளாலும் திருப்ப வேண்டிய அளவுக்கு இறுகியிருந்தது. கிரீஸ் என்பது சோப்பு போன்ற ஒரு பொருளில் பிடித்துவைக்கப்பட்ட எண்ணெய்தான். பல ஆண்டுகளில் எண்ணெய் பிரிந்து வெளியேறிவிட, மிஞ்சிய சோப்பு மெழுகைப் போல உறைந்துவிடுகிறது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, இருசக்கர வாகனங்களின் பேரிங்குக்குப் போடும் கிரீஸைத் தாராளமாகத் தடவினேன். மூன்று மாதம் வளையம் வெண்ணெயாக வழுக்கியது. சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொட்டபோது எண்ணெய் பிரிந்து, உள்ளே ஒளி நுழையும் துளையைச் சுருக்கி விரிக்கும் எட்டு அப்பெர்ச்சர் இதழ்களிலும் படர்ந்தது. ஹீலியோஸில் இதழ்களைக் கையால் வளையத்தைத் திருப்பியே நகர்த்துகிறோம் என்பதால் படம் எடுப்பது நின்றுவிடவில்லை. அருகிலிருந்த கண்ணாடியில் மட்டும் மெல்லிய பனிமூட்டம் போலப் படிந்தது. தானியங்கி அப்பெர்ச்சர் கொண்ட டாக்குமாரில் இதே தவறு நிகழ்ந்தால் விளைவு பெரிது. அங்கே ஷட்டர் திறக்கும் நொடியில் ஸ்பிரிங்கின் விசையால் இதழ்கள் மூட வேண்டும். எண்ணெய் பட்ட இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தாமதிக்க, படம் வெளிறிப் போகும். ஆகவே இதழ்களில் எதையும் தடவக்கூடாது. அவை முற்றிலும் உலர்ந்தே இருக்க வேண்டும்.

அதன் பின் லென்ஸ் மரைகளுக்கென்றே விற்கப்படும், எண்ணெய் எளிதில் பிரியாத, சற்றே கெட்டியான டாம்பிங் கிரீஸுக்கு மாறினேன். பல் குத்தும் குச்சியின் முனையில் எடுத்து, மரையின் பள்ளங்களில் மட்டும் மெல்லிய படலமாக இட்டு, சில முறை சுழற்றி, விளிம்பில் பிதுங்கி வருவதைத் துடைத்துவிடுகிறேன். இப்படிச் செய்த லென்ஸ்கள் நான்கு கோடைகளைப் பார்த்துவிட்டன. இதழ்கள் இன்னும் உலர்ந்தே இருக்கின்றன. தை மாதத்தில் கொடைக்கானலின் விடியற்காலைக் குளிரில் வளையம் கொஞ்சம் கனக்கிறது என்பது மட்டுமே நான் கண்ட குறை. வெயில் நகரத்தில் வாழ்பவனுக்கு அது ஒரு பொருட்டில்லை.

ஹெலிகாய்டு எனப்படும் ஃபோகஸ் மரையைப் பிரிக்கும் இடத்தில் அவசரப்படவே கூடாது. சாதாரணத் திருகைப் போல அதற்கு ஒரே ஒரு தொடக்கம் இல்லை; பல தொடக்கங்கள் உண்டு, அவற்றில் ஒன்றே சரியானது. தவறான இடத்தில் பொருத்தினாலும் மரை இனிமையாகவே ஏறும், எல்லாம் சரியாகிவிட்டது போலத் தோன்றும், ஆனால் தொலைவில் உள்ளவை அதற்குரிய குறியில் தெளிவாக விழாது. இரண்டு பாகங்களும் விடுபடும் அந்தக் கணத்தில் நிறுத்தி, இரண்டிலும் ஊசியால் நேர்க்கோடு கீறி, கைப்பேசியில் படமும் எடுத்துக்கொள்கிறேன். பூட்டிய பின் எனக்குச் சோதனைப் பலகை யானைமலை: மொட்டை மாடியிலிருந்து அதன் முதுகுக்கோடு, வளையம் வெகுதொலைவைக் காட்டும் முடிவிலிக் குறியில் (∞) நிற்கும்போது கூர்மையாக விழ வேண்டும்.

தலையில்லாச் சிறு திருகுகளை அரக்கு போன்ற பூச்சால் இறுக்கியிருப்பார்கள். எங்கள் பகுதியில் கடிகாரம் பழுது பார்க்கும் ஒரு பெரியவர், “தம்பி, திருகு அடம் பிடிச்சா பலத்தக் காட்டாதீங்க. ஒரு சொட்டு அசிட்டோன் விட்டுட்டு, போய் டீ குடிச்சிட்டு வாங்க” என்றார். இதுவரை எனக்குக் கிடைத்த சிறந்த அறிவுரை அதுதான். ஆனால் அசிட்டோன் வளையத்தின் எண்களில் உள்ள வண்ணத்தையும் பிளாஸ்டிக்கையும் கரைத்துவிடும் என்பதால் ஊசி முனையால் மட்டுமே வைக்க வேண்டும்.

பூஞ்சை இங்கே ஐப்பசி, கார்த்திகை மழையில் வளர்கிறது. அதிலும் ஈரத்தைப் பிடித்துவைக்கும் தோல் உறைக்குள் வேகமாக வளர்கிறது. கழற்றிய கண்ணாடியில் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சில நிமிடங்கள் விட்டு, காய்ச்சி வடித்த நீரால் கழுவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்கிறேன். பூஞ்சை சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேலுள்ள மெல்லிய பூச்சையோ கண்ணாடியையோ அரித்திருந்தால் அந்தத் தடம் போகாது. என் ஹீலியோஸ் ஒன்றில் அது இன்றும் இருக்கிறது. லென்ஸ்களை இப்போது காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கிறேன்.

50 மி.மீ. f/1.4 டாக்குமாரின் மஞ்சள் நிறம் அழுக்கன்று. அதன் பின்பகுதிக் கண்ணாடியில் கலந்துள்ள தோரியம் என்ற கதிரியக்கத் தனிமத்தின் கதிர்வீச்சால் வந்தது. புற ஊதா ஒளி அதை நீக்கும். பின்பகுதியைத் தனியே கழற்றி, காலை 8 முதல் 10 மணி வரை மட்டும் வெயில் காட்டினேன். உச்சி வெயிலின் சூடு கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் பசையைக் கெடுக்கலாம். ஒரு மாதத்துக்குமேல் ஆயிற்று. வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தால் சிறு சாயலே மிச்சம். கிரீஸ் போடுவதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும்.

ஒட்டிய கண்ணாடிகளுக்கிடையே பசை விட்டுப்போன லென்ஸ்களையும், ஜூம் லென்ஸ்களையும் நான் பிரிப்பதில்லை.