எம் ஷெட், பிரிஸ்டல்: தண்டவாளத்தில் நிற்கும் நான்கு கிரேன்கள்

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பழைய சரக்குக் கொட்டகைகளில் 2011ஆம் ஆண்டு திறக்கப்பட்ட எம் ஷெட் அருங்காட்சியகத்துக்கு அனுமதி இலவசம். ஆனால் என் மதிப்பீட்டில் அங்குள்ள சிறந்த காட்சிப்பொருள் கட்டடத்துக்கு வெளியே, கப்பல்துறையின் விளிம்பில் இருக்கிறது. பக்கத்து ஊரான பாத் நகரின் ஸ்டாதர்ட் அண்ட் பிட் நிறுவனம் 1951இல் செய்துதந்த நான்கு மின்சார கிரேன்கள், 1975இல் வணிகக் கப்பல் போக்குவரத்து நின்ற பிறகும், உடைத்து விற்கப்படாமல் தப்பி அங்கே நிற்கின்றன.

முதலில் கால்களைக் கவனியுங்கள். ஒவ்வொரு கிரேனும் தண்டவாளத்தில் உருளும் சக்கரங்களின் மேல் நிற்பதால், கப்பலின் எந்தக் கிடங்கு திறந்திருக்கிறதோ அதற்கு நேராக அதை நகர்த்திக்கொள்ளலாம். சற்றுத் தள்ளியுள்ள, 1878இல் அமைக்கப்பட்ட ஃபேர்பேர்ன் நீராவி கிரேனுக்கு இந்த வசதி இல்லை. 35 டன் தூக்கும் வலிமை இருந்தும், கப்பல்தான் அதைத் தேடி வர வேண்டும். அவ்வளவு கனமான சரக்கும் அடிக்கடி வராததால் அது பெரும்பாலும் சும்மா இருந்தது. ஆணிகள் அறைந்த இரும்புத் தகடுகளால் ஆன அதன் வளைந்த கழுத்து மட்டும் கொள்ளை அழகு.

நீண்ட கையை உள்ளிழுக்கும்போது தொங்கும் சுமையும் சேர்ந்து மேலேறுவது பழைய கிரேன்களின் தொல்லை. ஓட்டுநர் அதே நேரத்தில் கயிற்றையும் தளர்த்தியாக வேண்டும். கை உயரும் அளவுக்குக் கயிறு தானாகவே நீண்டுகொடுத்து, சுமை ஒரே மட்டத்தில் நகரும்படி ஸ்டாதர்ட் அண்ட் பிட் நிறுவனத்தின் பொறியாளர் கிளாட் டாப்லிஸ் கயிற்றின் பாதையை வகுத்தார். இது இயங்கும்போது பார்த்தால்தான் புரியும்.

துறைமுகம் கட்டுவதற்கான டைட்டன் வகை கிரேன்களை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். அலைதடுப்புச் சுவருக்கான பெரும் கான்கிரீட் கட்டிகளைத் தூக்கி வைத்தபடி அந்தச் சுவரின் மேலேயே முன்னேறிய அவ்வகை கிரேன்கள் இரண்டை, 1881 நவம்பரில் வீசிய புயல் சென்னைத் துறைமுகத்தில் கவிழ்த்துவிட்டது.

கிரேன்களைத் தன்னார்வலர்கள் குறிப்பிட்ட சில நாள்களில் மட்டுமே இயக்குகிறார்கள் என்பதால், தேதியை விசாரித்துவிட்டுச் செல்வது நல்லது. ஓட்டுநர் அறைக்குச் செல்ல ஏணி ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே நின்று பார்ப்பதே உத்தமம்.